அங்கன்வாடிக்கு ஆலோசகர்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆள் தேர்வு

முன்பருவக் கல்விக்கு ஆலோசகர் வைக்கும் எண்ணம் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆய்வுக் கூட்டத்தில்தான் பிறக்கிறது. விருதுநகர் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து அப்படிப்பட்ட கூட்டங்களுக்குக் குறைவில்லை. திரையில் ஒரு கட்டம் சிவப்பாகத் தெரியும், சி.எஸ்.ஆர். நிதி கொஞ்சம் கையில் இருக்கும். "ஒரு நிபுணரைப் போட்டுப் பார்ப்போமே" என்று யாராவது சொல்வார்கள். கோப்பு அங்கிருந்து நேரே விளம்பரத்துக்குப் போய்விடும். அந்தக் கோப்பைக் கையில் வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். அவர் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலராக இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்தில் இருப்பவராக இருக்கலாம், துறையோடு சேர்ந்து பணம் போடும் தொண்டு நிறுவனத்தாராகவும் இருக்கலாம்.

முதல் வேலை, கோப்பை மூடிவைத்துவிட்டு ஒரு முழுக் காலை அங்கன்வாடியில் உட்காருவது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஏதாவது ஒரு கண்மாய்க்கரை ஊராகப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்னால் அன்று மட்டும் எல்லாப் பிள்ளைகளும் சீருடையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு கடிகாரமும் நோட்டும் போதும். டீச்சர் எத்தனை நிமிடம் குழந்தைகளோடு குழந்தைகளாக இருக்கிறார் என்று மட்டும் குறித்துவாருங்கள்.

களையெடுப்பு நாளாக இருந்தால் அம்மாக்கள் விடியுமுன்னே காட்டுக்குப் போயிருப்பார்கள். பிள்ளையைப் பாட்டி இடுப்பில் தூக்கிவந்து விடுவார், அல்லது விடமாட்டார். ஆயாம்மா பணியிடம் காலியாக இருந்தால் அடுப்பு, அரிசி, முட்டை எண்ணிக்கை எல்லாம் டீச்சர் தலையில்தான். 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகையைப் பதிய வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வருவார். எடை பார்க்க வேண்டிய பிள்ளைகள் நாலு பேர் இருப்பார்கள். சுகாதார செவிலியர் வந்துவிட்டால் அந்தக் காலை முடிந்தது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டும் நடக்க வேண்டும். நோட்டில் எழுதிய நிமிடங்களை மதியம் கூட்டிப் பாருங்கள்.

அந்தக் கூட்டுத்தொகைதான் உங்களுக்கு ஆலோசகர் வேண்டுமா என்பதைச் சொல்லும். தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வு ஒன்றை இந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வு அது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலை பார்க்கும் ஒருவர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பிறகு பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்ட விலக்கமும், மொழி மதிப்பெண் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தன. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து, சுகாதார வேலைக்குக் கூடுதல் நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. இந்த அளவு பலன் கிடைத்தது, மையத்தில் இன்னும் இரண்டு கை சேர்ந்ததால்.

ஆகவே உங்கள் நோட்டில் நிமிடங்களே இல்லையென்றால் ஆலோசகர் வந்து பயிற்சி கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் உள்ளூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை அரைநாள் வேலைக்கு அமர்த்த அனுமதி கேளுங்கள். காலியாக இருக்கும் உதவியாளர் பணியிடத்தை நிரப்பச் சொல்லி எழுதுங்கள். நிமிடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை சிலேட்டில் "அ" எழுதவைப்பதிலும் ஒன்று இரண்டு ஒப்பிக்கவைப்பதிலும் கழிகின்றன என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இங்கே அவருக்கு என்ன வேலை

புதிய பாடத்திட்டம் எழுதுவது அவர் வேலையாக இருக்கவே கூடாது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" இருக்கிறது. அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் 2022-இல் வந்தது. மூன்று முதல் ஆறு வயதுக்கான "ஆதார்ஷிலா" 2024-இல் வந்தது. இவை போதாதென்று நாலாவதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். இருக்கிற பாடத்திட்டத்தை இந்த மண்ணில், இந்த மையங்களில் நடத்திக்காட்டுவதற்குத்தான் ஆள் தேவை.

இந்த மையங்களும் ஒரே மாதிரி இல்லை. மானாவாரிக் கரிசல் ஊர்களில் ஒரே அறை, கலந்த வயது, மழைக்காலத்தில் ஒரு வருகை, கோடையில் இன்னொரு வருகை. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்களும் ஆட்டுக்கிடை போடப் போகும் குடும்பங்களும் மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் வேறு நிலைமை. அம்மா வீட்டில்தான் இருப்பார், ஆனால் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "பால்வாடில என்னத்தச் சொல்லித் தர்றாங்க, சோறுதான போடுறாங்க" என்பார். மூன்றாவது வகை, நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் மையங்கள். 2019 ஜனவரி 21 அன்று மாநிலம் முழுக்க இப்படிப்பட்ட 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அங்கே அங்கன்வாடிப் பணியாளரும் வகுப்பு எடுக்கும் ஆசிரியரும் இரண்டு துறைகளின் கீழ் வருகிறார்கள். யார் எந்த நேரத்தில் எந்தப் பிள்ளைகளோடு இருப்பது என்பதை இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கத் தெரிந்தவர் அங்கே வேண்டும்.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பங்கள் உண்டு. சுற்றுப்புறத்தில் தெலுங்கு பேசும் ஊர்கள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை மையத்தில் வாய் திறக்கவில்லை என்றால் அறிவில் குறை என்று எழுதிவிடும் ஆலோசகர் நமக்கு வேண்டாம். வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று முதலில் கேட்பவர் வேண்டும்.

பணி வரையறையை அலுவலக மொழியில் நீட்டி முழக்காமல் இப்படி எழுதலாம்: "தேர்ந்தெடுத்த 20 மையங்களில் ஒவ்வொன்றுக்கும் மாதம் இருமுறை காலை முழுவதும் இருந்து, பணியாளருடன் சேர்ந்து முன்பருவக் கல்வி நடத்த வேண்டும். வட்டார மேற்பார்வையாளர்களை ஒவ்வொரு முறையும் ஒருவராக உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பார்வைக்கும் பணியாளரின் நோட்டில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் குறிப்பு எழுத வேண்டும்." அவ்வளவுதான். இருபது மையம், இருமுறை என்றால் மாதம் 40 காலைகள் ஆகும், ஒருவரால் முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இரண்டு பேர் வேண்டுமா, மையங்களைப் பத்தாகக் குறைப்பதா என்பது தெரிந்துவிடும். பல கோப்புகளில் இந்தக் கூட்டல் கூடப் போடாமல் "மாவட்டம் முழுவதும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாவட்டம் முழுவதும் என்று எழுதினால் ஆலோசகர் எந்த மையத்துக்கும் இரண்டாம் முறை போக மாட்டார். இரண்டாம் முறை போகாத ஆலோசனையால் எந்த டீச்சரின் காலையும் மாறாது.

யாரைத் தேடுவது

முன்பருவக் கல்வியின் முன்னோடிகளை அறிந்தவராகப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945-இல் போர்டியில் வேலையைத் தொடங்கினார்கள். குழந்தைகள் பள்ளிக்கு வர முடியாத குடியிருப்புகளில் வீட்டு முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார்கள். பின்னர் கோஸ்பாட் மலைப்பகுதியில் ஆதிவாசிப் பிள்ளைகளோடும் அதே வழியில் வேலை செய்தார்கள். கருவேலங்காட்டில் மூட்டம் போடுகிற இடத்தில் தரையில் விளையாடும் பிள்ளையைப் பற்றி யோசிக்கிற யாரும் அவர்கள் செய்ததைப் படித்திருக்க வேண்டும். மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-இல் கொடுத்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு வழிவகுத்தது. உணவும் உடல்நலமும் கல்வியும் ஒரே பிள்ளையிடம் சேர வேண்டும் என்பது அந்த வழி. நேர்காணலுக்கு வருபவரிடம் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். "அது என் துறை இல்லை" என்று சொன்னால், பிள்ளை தட்டில் முட்டையைத் தானே உரித்துத் தின்னும் பத்து நிமிடமும் கல்வி என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆட்களை எங்கே தேடலாம்? பாளையம்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். காந்திகிராமம், கோவை அவினாசிலிங்கம் போன்ற இடங்களில் மனையியல், குழந்தை வளர்ச்சி படித்தவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்களை மறந்துவிடாதீர்கள். முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் முப்பது வருடம் மையம் மையமாகப் போய்வந்த அவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. "பட்டம், அல்லது அங்கன்வாடிகளில் நேரடியாகப் பத்தாண்டு அனுபவம்" என்று எழுதுங்கள்.

மதிப்பெண் எங்கே விழுகிறது

மாநில அரசுப் பணம் என்றால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-உம் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பார்க்கப்பட வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, ஆலோசகர் தேர்வுக்குத் தரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும் முறையை விவரிக்கின்றன. தரத்துக்கு அதிகபட்சம் 80 விழுக்காடு எடை தரலாம் என்கின்றன. எந்த எடையை வைக்கிறீர்கள் என்பதிலேயே முக்கால்வாசித் தேர்வு முடிந்துவிடுகிறது. ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம்.

முதல் விண்ணப்பதாரர் தரத்தில் 85 வாங்குகிறார், 6 லட்சம் கேட்கிறார். இரண்டாமவர் தரத்தில் 70, கேட்பது 4 லட்சம். குறைந்த விலைக்கு 100 மதிப்பெண். 6 லட்சத்துக்கு 66.67. எடை தரத்துக்கு 60, விலைக்கு 40 என்றால் முதலாமவருக்கு 77.67, இரண்டாமவருக்கு 82. மலிவானவர் வருகிறார். 70-க்கு 30 என்றால் 79.5-க்கு 79, மயிரிழையில் முதலாமவர். 80-க்கு 20 என்றால் 81.33-க்கு 76. குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்யும் ஆளுக்கு 80-க்கு 20 வைப்பதே நியாயம் என்பது என் முடிவு. ஏன் என்று தணிக்கையில் கேட்பார்கள். காரணத்தைக் கோப்பிலேயே இரண்டு வரி எழுதிவையுங்கள்.

அந்தத் தர மதிப்பெண்ணில் சரிபாதியை அடுத்துச் சொல்லப்போகும் ஒரு காலைக்கு ஒதுக்குங்கள். இதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதியில் சேர்த்தால் வழக்காகும்.

குழந்தைகளோடு ஒரு காலை

கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களை நாளுக்கு ஒருவராக ஒரே மையத்துக்கு அழைத்துப் போங்கள். மையப் பணியாளரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். அது அவருடைய இடம். "இந்தப் பிள்ளைகளோடு நாற்பது நிமிடம் இருங்கள். மையத்திலும் வெளியிலும் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்களும் பேசக் கூடாது.

முதல் ஐந்து நிமிடத்திலேயே நிறையத் தெரியும். உள்ளே வந்ததும் டீச்சரிடம் பிள்ளைகளின் பெயரைக் கேட்கிறாரா, இல்லை நேரே பிள்ளைகளுக்கு முன்னால் நின்று "குட் மார்னிங் சொல்லுங்க" என்கிறாரா? தரையில் உட்கார்கிறாரா? இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று புது ஆளைப் பார்த்து அழும். கட்டாயம் அழும். அதைப் பாட்டுக்குள் இழுக்கப் பார்ப்பவர் ஒருவகை. ஆயாம்மா மடியிலேயே இருக்கவிட்டு, அதற்கு எட்டும் தூரத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்கு மதிப்பெண் போடுங்கள்.

பொருளுக்கு எங்கே போகிறார் என்று கவனியுங்கள். வாசலில் வேப்பங்கொட்டை கிடக்கும், சோளத்தட்டை கிடக்கும், காய்ந்த கருவேலங்காயைக் குலுக்கினால் சத்தம் வரும். மல்லியும் கம்பும் சமையலறையில் ஒரு கைப்பிடி கிடைக்கும். கண்ணை மூடி முகர்ந்து பார்த்து எது என்று சொல்லலாம். புளியங்கொட்டையை எண்ணவும் பிரிக்கவும் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதே வட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறது. கொட்டை வாய்க்கோ மூக்குக்கோ போக ஒரு நொடி போதும். சின்னவர்களுக்குப் பெரிய தேங்காய்ச் சிரட்டையும் ஐந்து வயதுக்காரர்களுக்கு மட்டும் கொட்டையும் என்று பிரித்துக் கொடுப்பவருக்கு வேலை தெரியும். கருவேலங்கிளையில் முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கிறாரா என்பதும் அப்படியே.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் கோரஸாக ஒரு சொல் சொல்லுவார்கள். "ராத்திரி மழை பேஞ்சுச்சே, கண்மாய்ல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டால் ஒரு பிள்ளை எழுந்து நின்று கதையே சொல்லும், அந்தக் கதைக்குள் வரிசை இருக்கும், அளவு இருக்கும், காரணம் இருக்கும். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும்வரை வந்தவர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் அவரை டீச்சரோடு தனியே பத்து நிமிடம் பேசவிடுங்கள். பிறகு டீச்சரிடம் கேளுங்கள்: "இவங்க மாசம் ரெண்டு தடவை வந்தா உங்களுக்கு உதவியா இருக்குமா, தொந்தரவா இருக்குமாக்கா?" பதில் உடனே வராது, மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு மனதில் இருப்பதைச் சொல்லிப் பழக்கமில்லை. மேற்பார்வையாளர் ஒருவரை விட்டுத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தாளில் ஓர் இடம் இருக்கட்டும். தேர்வுக் குழுவில் ஓர் அங்கன்வாடிப் பணியாளரையே உறுப்பினராக வைப்பது இன்னும் நல்லது.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

பணத்தை அறிக்கைக்குத் தராதீர்கள். மையத்தில் இருந்த காலைகளுக்குத் தாருங்கள். பணியாளரின் நோட்டில் இருக்கும் குறிப்பே சான்று. பயணச் செலவைக் கட்டணத்தில் அடக்காமல் தனியே வையுங்கள். அடக்கிவிட்டால் பஸ் நிற்கும் ஊர்களுக்கு மட்டும் ஆலோசகர் போவார், உள்ளே மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டிய ஊர் விட்டுப்போகும். பயிற்சிக்கு வரும் பணியாளர்களின் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் திட்டச் செலவில் வர வேண்டும். குறைந்த ஊதியம் வாங்குபவர்கள் கைக்காசு போட்டு வருவதை இனியும் அனுமதிக்கக் கூடாது.

காலம் குறைந்தது ஒரு முழு ஆண்டு. ஐப்பசி, கார்த்திகைக் களையெடுப்பையும், தை, மாசி அறுவடையையும், பங்குனி வெயிலையும் பார்க்காதவருக்கு இந்தப் பிள்ளைகள் எப்போது வருகிறார்கள், எப்போது வருவதில்லை என்பதே தெரியாது. மூன்று மாத ஒப்பந்தம் போட்டால் அறிமுகம் முடியும்போது பணமும் முடிந்திருக்கும்.

நான் பார்த்தவரை ஆலோசகர்கள் வீணாவது ஒரே காரணத்தால்தான். கணினி தெரிந்தவர், நன்றாக எழுதுகிறவர் என்று தெரிந்ததும் அலுவலகம் அவரை இழுத்துக்கொள்கிறது. இன்று ஒரு திரைக்காட்சி, நாளை ஒரு புள்ளிவிவரம், அமைச்சர் வருகைக்கு ஒரு குறிப்பு. மையங்கள் அவரை மறந்துபோகும். "மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் அலுவலகப் பணிக்கு அழைக்கக் கூடாது" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து, திட்ட அலுவலரே அதில் கையெழுத்திட வேண்டும்.

குழந்தைகளை அளக்கும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். டீச்சர் கவனித்து எழுதும் குறிப்பு போதும். பெயரும் படமும் வெளியே போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, புரியவைத்து வாங்குங்கள். கைநாட்டு வைக்கும் பாட்டிதான் பல வீடுகளில் பிள்ளைக்குப் பொறுப்பு. ஆலோசகருக்கும் அவருடன் வருபவர்களுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். போக்சோ சட்டப்படி தகவல் தரவேண்டிய கடமை தனக்கு உண்டு என்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உருவாகும் பாட்டு, கதை அட்டை, விளையாட்டுப் பொருள் எல்லாம் துறைக்கே சொந்தம் என்று எழுதுங்கள். ஒரு படி பாளையம்பட்டி நிறுவனத்திலும் ஒரு படி வட்டார அலுவலகத்திலும் இருக்கட்டும். இடையில் ஆலோசகர் விலகினால் ஒரு மாத முன்னறிவிப்பும், மையவாரியாகக் குறிப்புகளை ஒப்படைப்பதும் வேண்டும். இந்த வெயிலில், இந்தத் தூரத்தில், நடுவில் விலகுபவர்கள் உண்டு. அதனால் இரண்டாம் இடம் பெற்றவரிடம் ஆறு மாதம் வரை செல்லுபடியாகும் ஒப்புதல் கடிதம் ஒன்றைத் தேர்வு முடிந்த அன்றே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுவிளம்பரத்துக்குப் போனால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் போய்விடும்.